பத்தாவது உருளை

கறுப்பு வெள்ளை ஒளிநாடாவில் முதலில் மறைந்தது கிடங்கின் கதவு. அடுத்த படத்தில் உருளைகளைக் காணோம். அதற்கப்புறம் திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் பெரிய வட்டம், வட்டத்துக்குள் அரிசியை இறைத்தது போலச் சில புள்ளிகள். ஒராசியோ நாடாவை முன்னே ஓட்டினான். சாம்பல். இன்னும் ஓட்டினான். அதே சாம்பல்.

"ஜசீரா, இது என்ன?"

"கேமரா கெட்டுப்போச்சு போலிருக்கு."

"கெட்டுப்போன கேமராவுல நட்சத்திரம் தெரியுமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனேன். வட்டத்தின் குறுக்கே ஒரு பட்டை, அதில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிய எழுத்துகள். படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பிரேசிலில் பிறந்தவளுக்கு அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் தெரியும். 'ஒழுங்கும் முன்னேற்றமும்.' எங்கள் தேசியக் கொடி, பின்பக்கத்திலிருந்து.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். இவன் அடுப்படியில் வெடிகுண்டு செய்கிறான் என்று அவனும், அவன்தான் செய்கிறான் என்று இவனும் வருஷக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். கடைசியில் களைத்துப்போய், என் வீட்டுச் சாவி உன்னிடம், உன் வீட்டுச் சாவி என்னிடம் என்று மாற்றிக்கொண்டார்கள். பிரேசிலும் அர்ஜென்டினாவும் செய்துகொண்ட அணு ஒப்பந்தம் அவ்வளவுதான். எங்கள் யுரேனியத்தை அர்ஜென்டினாக்காரன் வந்து சோதிப்பான். அவர்களுடையதை எங்கள் ஆள் போய்ச் சோதிப்பான். தன் நாட்டைத் தானே சோதிக்க யாருக்கும் அனுமதி இல்லை.

அப்படி எங்களைச் சோதிக்க வருகிறவன்தான் ஒராசியோ. கோர்டோபா நகரத்துக்காரன், ஒல்லி, எதற்கும் சிரிப்பான். நான் கிடங்குக்குப் பொறுப்பாளி. கிடங்கில் செறிவூட்டிய யுரேனியம் நிரப்பிய உருளைகள் பத்து நிற்கின்றன. மூலையில், முத்திரை வைத்த பெட்டிக்குள், இரு நாடுகளுக்கும் பொதுவான முகமையின் கேமரா. அதை நாங்கள் தொடவே கூடாது. சில நிமிஷங்களுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஒராசியோ ஊரில் இல்லாதபோது உருளைகளில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இப்போது அந்தச் சாட்சியின் கண்ணை யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். கால்பந்து உலகக் கோப்பை தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள்வரை.

கிரேன் ஓட்டும் ஜுவெனாலைக் கூப்பிட்டனுப்பினேன். நாங்கள் ஜெயித்த இறுதி ஆட்டத்தன்று கத்தியதில் போன குரல் அவனுக்கு இன்னும் திரும்பவில்லை.

"டோனா ஜசீரா, கூப்பிட்டீங்களாம்?" டோனா என்றால் எங்கள் ஊரில் அம்மா என்பது போல.

"கிடங்குக்குள்ள கொடி கட்டினது யாரு?"

"நான்தான்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "கிரேன்லயே ஏத்திட்டேன்ல! சாவ் பாவ்லோ மாநிலத்துலயே இவ்ளோ பெரிய கொடி கெடையாது. பொஞ்சாதியும் மச்சினியும் ஒக்காந்து தச்சாங்க. ஏன், நீங்ககூட வந்து கை தட்டுனீங்களே!"

தட்டினேன்தான். ஆலையே அங்கே நின்று தட்டியது. பாட்டுப் பாடினோம், ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டோம். மூலையில் ஒரு கேமரா இருக்கிறது என்பது ஒரு ஜீவனுக்கும் நினைவு வரவில்லை. உலகத்தில் வேறு எந்த நாட்டு அணு ஆலையிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது.

"கேமராவ மறைச்சிட்டியேடா!"

"கேமராவா?" மோவாயைச் சொறிந்தான். "அது உருளையத்தானே டோனா பாக்குது? உருளை எங்க எந்திரிச்சு ஓடிரப்போவுது?"

ஒராசியோ விழுந்து விழுந்து சிரித்தான். "நாங்க தோத்துட்டு வீடு திரும்பினப்போ, கேமராவ மூடணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாரு."

"மூஞ்சிய மூடறதுக்கே உங்களுக்குத் துணி பத்தலயே" என்றேன்.

ஜுவெனாலும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினோம். ஜுவெனாலை அனுப்பிவிட்டு ஒராசியோ கதவைச் சாத்தினான்.

"ஜசீரா, இத நான் என்னன்னு எழுதட்டும்?"

அதுதான் கேள்வி. ஒப்பந்தம் முழுசாக நடைமுறைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எப்போது முறியும் என்று இரண்டு தலைநகரங்களிலும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்த கூட்டம் உண்டு. கொடியைத் திரையாகக் கட்டி யுரேனியம் கடத்தினார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதினால் போதும், அடுத்த வாரமே அவரவர் சாவியை அவரவர் பிடுங்கிக்கொள்வார்கள். மறுபடி பழைய குருடி கதவைத் திறடி. அத்தனைக்கும் மேலே என் கையெழுத்துதான் இருக்கும்.

நேரே கமாண்டர் அமில்காரின் அறைக்குப் போனேன். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆலையின் தலைவர். கரும்புக் காட்டுக்கு நடுவே வெறும் தகரக் கொட்டகையாக இருந்த இடத்தை ஆலையாக்கியவர். கிடங்குச் சாவியை ஒரு பெண்ணிடம் கொடுப்பதா என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, "இவகிட்டதான் கொடுப்பேன், முடிஞ்சதப் பாருங்க" என்று சொன்னவர். அவருக்காக நான் யாரோடும் சண்டைக்குப் போவேன்.

கொடி விவகாரத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கேமரா பழுதுன்னு எழுதிட்டாப் போச்சு" என்றார்.

"பழுதான கேமராவுல நம்ம கொடி தெரியுதே, கமாண்டர்."

"அப்போ ரெண்டு உருளையக் காட்டி அனுப்பு. அவன் நல்ல பையன்தானே, ஒத்துக்குவான்."

ஒராசியோ உண்மையிலேயே ஒத்துக்கொண்டான். "எல்லாத்தையும் எடை போட்டுடுவோம். கருவிய ரெண்டு மூணுல மட்டும் வச்சுப் பாப்போம். சரியா இருந்தா, ஆட்ட வெறியில கொடி கட்டிட்டாங்கன்னே எழுதிடறேன். மேல இருக்கறவங்களும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."

அங்கே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"ஒண்ணும் வேணாம். பத்தையும் கருவி வச்சுப் பாரு."

"எதுக்கு? ரெண்டு நாள் வேல அது."

"இன்னிக்கு விட்டுக் கொடுத்துட்டு, போனாப் போகுதுன்னு பிரேசில்காரங்களக் காப்பாத்தினேன்னு ஊருக்குப் போய்ச் சொல்லுவ. அந்தப் பிச்சை எங்களுக்கு வேணாம். எங்காளுங்க பைத்தியமா இருக்கலாம், ஒராசியோ. திருடங்க இல்ல. இது என் வார்த்தை."

மடியில் கனமில்லை, வழியில் பயமெதற்கு என்ற தைரியம். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு கருவிப் பெட்டியைத் தூக்கினான்.

எடை போடுவது முதல் நாளே முடிந்தது. பத்தும் கிராம் பிசகாமல் இருந்தன. "பாத்தியா?" என்றேன். "பாத்தேன் பாத்தேன்" என்றான். மறுநாள் கருவி. அது ஒன்றும் பெரிய மாயமில்லை. உருளையின் மேல் ஒரு குழாயை ஒட்டி வைத்தால், உள்ளே யுரேனியம் இருப்பதை அது இரும்புச் சுவரைத் தாண்டி உணரும். பெட்டியின் திரையில் சின்னக் குன்று போல ஒரு கோடு எழும்பும். செறிவு எவ்வளவோ, குன்று அவ்வளவு உயரம்.

ஒவ்வொரு உருளையிலும் குன்று எழும்பியது. ஒவ்வொரு தடவையும் நான் அவன் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். மத்தியானம் அவரையும் பன்றி இறைச்சியும் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்து, சுவரோரமாக நின்ற கடைசி உருளையில் குழாயை வைத்தான்.

கோடு எழும்பவில்லை.

"ஒயர் கழண்டிருக்கும்" என்றேன்.

ஒயர் சரியாகத்தான் இருந்தது. முதல் உருளைக்குப் போய் வைத்தான், குன்று வந்தது. திரும்பி வந்து இதில் வைத்தான், தட்டையாகக் கிடந்தது. மேலே வைத்தான், கீழே வைத்தான், பின்பக்கம் வைத்தான். செத்தவன் நாடி மாதிரி ஒரு அசைவும் இல்லை. அந்த உருளையைத் தினமும் பார்க்கிறேன். தூசி தட்டியிருக்கிறேன். வெளிநாட்டு விருந்தாளிகளிடம் கையால் தட்டிக் காட்டியிருக்கிறேன். அது என் முன்னாலேயே நின்றுகொண்டு என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"எடை சரியா இருந்துச்சே, ஒராசியோ!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். "காலியா இருந்தா யாரோ திருடிட்டான்னு அர்த்தம். எடை சரியா இருந்தா, யாரோ உக்காந்து யோசிச்சிருக்கான்னு அர்த்தம்."

முதல் தடவையாக அவன் சிரிக்காமல் பேசிக் கேட்டேன். உருளைக்கு முத்திரை வைத்தான், கதவுக்கு முத்திரை வைத்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தலைநகரத்துக்கும் நான் சொல்லியாகணும். சொல்லாம இருக்க முடியாது, உனக்கே தெரியும். அதுக்குள்ள உன்கிட்ட ஏதாவது பதில் இருந்தா கொண்டா."

நேற்றுத்தான் வார்த்தை கொடுத்திருந்தேன். யார் எடுத்தது? எங்கே கொண்டுபோனார்கள்? கொடி தற்செயலா, யாராவது ஜுவெனாலைத் தூண்டிவிட்டார்களா? கமாண்டர் அறை வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. கதவைத் தட்டக்கூட இல்லை.

"பத்தாவது உருளையில யுரேனியம் இல்ல, கமாண்டர்."

அவர் அதிர்ந்துபோவார், எழுந்து கத்துவார், கடற்படைக்கு டெலிபோன் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஈயம்" என்றார். "மீன் வலையில கட்டற ஈயக் குண்டு. இடைவெளிக்கு ஆத்து மணல்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் நிரப்பினேன்."

"யுரேனியம் எங்க?"

"எங்கயும் இல்ல."

"வித்துட்டீங்களா?" கேட்கும்போதே என் நாக்கு கூசியது.

"இருந்தாத்தானேம்மா விக்கறதுக்கு? பத்தாவதுன்னு ஒண்ணு எப்பவுமே இருந்ததில்ல."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தான புதிதில், இரண்டு நாடுகளும் தங்களிடம் இருப்பது எவ்வளவு என்று ஒரே நாளில் பொது முகமைக்குச் சொல்ல வேண்டியிருந்தது; அந்தக் கணக்கு சோதிக்கிறவர்களைத் தாண்டி வெளியே போகாது. நான் அப்போது வேறு பிரிவில் இருந்தேன். அந்த வேலையை அவரே முன்னின்று செய்தார். அர்ஜென்டினாவிடம் பத்து உருளை இருக்கிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தது. எங்களிடம் ஒன்பது.

"ஒண்ணு கொறச்சல், ஜசீரா. ஒரே ஒண்ணு. அவங்க வந்து நம்ம கிடங்குல நின்னு, எண்ணிப் பாத்து, ஒரு சிரிப்பு சிரிப்பாங்களே... அத என்னால நெனச்சுப் பாக்க முடியல."

முதல் சோதனையில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த சில உருளைகளில்தான் கருவியை வைத்தார்கள். பத்தாவது வரவில்லை. அதற்கப்புறம் எடையும் கேமராவும் போதுமென்று ஆகிவிட்டது. கொடிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஜுவெனாலின் சொந்தப் பைத்தியம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது மூன்று வருஷம் தாங்கியிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் தாங்கியிருக்கும்.

"எனக்கு ஒரு உதவி பண்ணும்மா." குரல் இறங்கியது. அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "கடற்படை ஆராய்ச்சிக்குன்னு நான் எடுத்துட்டேன்னு சொல்லு. கொடிய மறைப்பாக் கட்டச் சொன்னதும் நான்தான்னு சொல்லு. ஜெயிலுக்குப் போறேன். திருடன்னு பேரு வாங்கிக்கறேன். இல்லாதத இருக்குன்னு காட்டினான்னு மட்டும் அந்த அர்ஜென்டினாக்காரங்களுக்குத் தெரிய வேணாம்."

இவர் சொல்கிறபடி செய்தால் என்ன ஆகும்? ஓர் உருளை யுரேனியத்தைப் பிரேசில் கடற்படை ஒளித்து வைத்திருக்கிறது என்று ஆகும். எல்லைக்கு அந்தப்பக்கம், வெடிகுண்டு செய்கிற அடுப்படியில் மறுபடி விளக்கெரிய ஆரம்பிக்கும். ஒப்பந்தம் குப்பைக்குப் போகும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் எங்களைப் போலவே பயத்தில் வளரும். இத்தனையும், ஒருத்தன் ஒரு சிரிப்பு சிரித்துவிடக் கூடாது என்பதற்காக.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. அவர் கேட்டு முடித்த அந்த நிமிஷத்தில், சரி என்று சொல்ல என் வாய் பாதி திறந்தது. ஒராசியோ சிரிப்பதை நானும் மனசுக்குள் பார்த்துவிட்டேன். பிரேசில்காரங்க ஈயத்தைக் காவல் காத்தாங்க என்று கோர்டோபாவின் காப்பிக் கடையில் அவன் சொல்வதும், மேஜையைத் தட்டி எல்லோரும் சிரிப்பதும் காதில் விழுந்தன. திருடி என்றாலும் பரவாயில்லை என்று எனக்கும் தோன்றியது. செருப்பை எடுத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"முடியாது, கமாண்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஒராசியோ கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். முடித்துவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"இல்லாதத இல்லன்னு எப்படி நிரூபிப்ப?" என்றான்.

"செறிவூட்டறதுக்கு மின்சாரம் வேணும். அந்த வருஷங்கள்ல ஆலை இழுத்த மின்சாரத்துக்கு ஒன்பது உருளைக்கு மேல தேறாது. வந்து பாக்கச் சொல்லு, யார வேணா அனுப்பு. உருளையையும் உன் கண்ணு முன்னாலயே தொறக்கறோம். நீ நம்பறியா இல்லியா, அத மட்டும் இப்ப சொல்லு."

அவன் முத்திரை வைத்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நம்பறேன்" என்றான் கடைசியில். "ஏன் நம்பறேன்னு சொல்றது தப்பு, சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன். பத்துன்னு அந்தச் சேதியக் கெளப்பிவிட்டதே எங்க ஆலைப் பெரியவருதான். நீங்க பயப்படணும்னு. எங்ககிட்ட இருந்தது ஏழு."

"ஏழா?"

"ஏழு. எங்க ஆளு வாயோட நிறுத்திக்கிட்டார். உங்க ஆளு கைவேலையும் பண்ணிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்."

கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன் என்று அவன் அப்புறம் யாரிடமோ சொன்னானாம். அழவில்லை. ஆத்திரத்தில் கண் எரிந்தது, அவ்வளவே.

அறிக்கையில் 'ஈயமும் மணலும்' என்று அவன் எழுத, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஆலைத் தலைவரும் போட வேண்டும். எடுத்துக்கொண்டு போனபோது கமாண்டர் மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்.

"சிரிச்சானா?"

"இல்ல."

"அவங்ககிட்ட பத்து இருந்துச்சா, இல்ல அதுக்கும் மேலயா?"

பத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அந்த ஆலையில் இன்னொரு எண்ணைக் கூட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒராசியோ சொல்லக் கூடாததை எனக்குச் சொன்னான். நானும் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"ஏழு, கமாண்டர்."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். உதடு ஏழு, எட்டு, ஒன்பது என்று அசைந்தது.

"அப்போ நாமதான் முன்னால இருந்தோமா?"

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் அதையே இன்னொரு தடவை கேட்டார்.